மீன் பெட்டியின் சத்தம்

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆறு வருடம் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து போனார். நாற்காலியை இழுத்துப் போட்டால், "பரவால்லமா, நிக்கிறேன்" என்பார். ஆனால் நிற்கவும் மாட்டார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பார். பால் விடாத தேநீரான தே ஓ வாங்கிக் கொடுத்தால், பிளாஸ்டிக் பையின் கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டு உறிஞ்சியபடியே நடப்பார். அவர் கிளம்பிப் போன பிறகும் எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. அந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று இப்போது என் மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். தெரியும்.

அவர் பிரீசர் மெக்கானிக். வீட்டுப் பிரிட்ஜ் இல்லை. ஆய்வகங்களில் மைனஸ் எண்பது டிகிரிவரை இறங்கும் ஆளுயரப் பெட்டிகள் இருக்கும், அவற்றைப் பழுது பார்ப்பவர். தலைநகரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க அவருக்கு அப்படிப் பெட்டிகள் இருந்தன. செம்பனை இலை, வௌவால் தோல், டுரியான் வேர், சேற்றில் வாழும் நுண்ணுயிர் என்று யார் யாரோ காடு மேடெல்லாம் அலைந்து அள்ளி வந்தது அவற்றுக்குள் உறைந்து கிடக்கும். அதன் மரபணுவைப் படித்து, எது எதிலிருந்து எப்போது பிரிந்து வந்தது என்று சொல்வது எங்கள் வேலை. படிக்க ஏதாவது மிஞ்சும்படி பார்த்துக்கொள்வது அவர் வேலை.

ஆள் கிள்ளான்காரர். அவருடைய தகப்பனார் ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்து கிள்ளானில் கைலியும் துணியும் விற்றவர். மகனுக்குத் துணிக்கடையில் கால் நிற்கவில்லையாம். அது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

முதல் நாள் வந்தவர் பிரீசரைத் தொடுவதற்கு முன்பு கேட்ட கேள்வி: "இதுல யாரு இருக்கா?"

என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. யார் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. "மீனு, அங்கிள்" என்றேன். அன்றிலிருந்து அது அவருக்கு மீன் பெட்டி. பக்கத்து அறையில் இருந்தது வௌவால் பெட்டி. எந்த நிறுவனம் செய்தது, என்ன நம்பர் என்பதெல்லாம் அவர் வாயில் வராது.

அப்புறம் தலையைச் சாய்த்து, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. மேலே சிவப்பு எழுத்தில் மைனஸ் எண்பது என்று பளிச்சென்று எரிகிறது. இவர் அதை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அங்கிள், போர்டுலதான் எண்பதுன்னு போட்டிருக்கே. அப்புறம் எதுக்கு காத வெச்சுக் கேக்குறீங்க?" என்றேன் ஒருமுறை. எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம்.

"அன்னிக்கும் எண்பதுதான்மா போட்டிருந்துச்சு" என்றார்.

அப்படித்தான் அந்தக் கதை வெளியே வந்தது. அவர் தொழிலுக்கு வந்த புதிதில் ஏதோ ஓர் ஆய்வகத்தில் நம்பரைப் பார்த்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். குளிரை அளக்கும் கம்பி பழுதாகி, நம்பர் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. உள்ளே எல்லாம் உருகித் தண்ணீராகி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. மலையிலிருந்து மண் எடுத்துவந்து, அதிலிருக்கும் நுண்ணுயிர்களைப் பல வருடம் சேர்த்த ஒரு பெண்மணியின் பெட்டி அது.

"அந்தம்மா அழலமா. டியூப ஒண்ணொண்ணா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் எனக்கு ஒரு கிளாஸ்ல தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க." அதைச் சொல்லும்போது எழுந்து நடக்க வேண்டியவர், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததால், வேகத்தைக் கூட்டினார். "கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்லா."

அதற்குப் பிறகு நம்பரை அவர் நம்பியதே இல்லை. காதைத்தான் நம்பினார். அந்தக் காது எங்கே போனாலும் வேலை பார்த்தது. தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு கடையில் வடையை நின்றபடியே தின்றுகொண்டிருந்தவர், சட்டென்று கல்லாவுக்குப் பின்னால் போய் பானங்கள் வைக்கும் கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் குனிந்தார். "பாஸ், இது ரெண்டு வாரம்தான் தாங்கும்" என்றார். முதலாளி முறைத்தார். "நீங்க வடைய சாப்பிடுங்க அண்ணே." மூன்றாம் வாரம் நான் அங்கே போனபோது அந்தப் பெட்டி நடைபாதையில் கிடந்தது. முதலாளி என்னிடம் அவருடைய போன் நம்பர் கேட்டார்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. நீண்ட விடுமுறை எது வந்தாலும் அவரிடமிருந்து போன் வரும். சீனப் புத்தாண்டு, தீபாவளி, நோன்புப் பெருநாள், எதுவானாலும் சரி. விடுமுறையில் கட்டடத்தின் ஏர்கானை மொத்தமாக நிறுத்திவிடுவார்கள், அறை கொதிக்கும், பெட்டி திணறும். அதனால் போன் பண்ணி, "கொஞ்சம் சத்தம் காட்டுமா" என்பார். லீவு நாளிலும் யாராவது ஆய்வகத்துக்குப் போய், போனைப் பிரீசர் மோட்டாரின் பக்கத்தில் பிடிக்க வேண்டும். அரை நிமிடம் கேட்டுவிட்டு, "சரிலா, நல்லா ஓடுது" என்று வைத்துவிடுவார். வணக்கமும் இல்லை, வாழ்த்தும் இல்லை. அவர்மீது அப்போது பிரியம் இருந்ததா என்று கேட்டால், எரிச்சல்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

என் மீனைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. சுண்டுவிரல் நீளம்கூட வராத மீன். வடக்கே, இலைதழை மக்கிக் கறுத்த கரிச்சதுப்புக் காட்டில், தே ஓ நிறத்தில் ஓடும் புளித்த தண்ணீரில் வாழ்வது. அந்தத் தண்ணீரில் பல மீன்களுக்கு மூச்சு முட்டும். சுமத்ராவிலும் இதே சாயலில் ஒரு மீன் உண்டு. கடல் தாழ்ந்து கிடந்த காலத்தில் இரண்டு பக்கத்து ஆறுகளும் கூடி ஒன்றாக ஓடின. பிறகு கடல் ஏறி நடுவே புகுந்துகொண்டது. அப்படிப் பிரிந்த நம் பக்கத்து மீன் தனி இனமாகவே மாறிவிட்டதா, இல்லை இன்னும் அதே மீன்தானா? என் முனைவர் பட்டம் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

இதை அவரிடம் சொன்னபோது நடையை நிறுத்தினார். எனக்கே அதிசயமாக இருந்தது.

"இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. நடுவுல தண்ணி."

"ஆமா அங்கிள்."

"எங்க அத்தாவோட தம்பி ராமநாதபுரத்துலயே தங்கிட்டாரு. போன வருஷம் போயிருந்தேன். அவரு பேரப் புள்ளைங்க பேசுறது எனக்குப் பாதி புரியல. நான் பேசுறதக் கேட்டு அதுங்க சிரிக்குதுங்க. அறுவது வருஷம்கூட முழுசா ஆவலமா. உன் மீனுக்கு எத்தன வருஷம்?"

"ஆயிரக்கணக்குல இருக்கும் அங்கிள்."

"அப்ப தனியாத்தான் போயிருக்கும். இதுக்கு டெஸ்டு வேற பண்ணணுமா?" என்று மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம், "என்னமா, தனி ஆளா இல்லியா, முடிவாயிருச்சா?" என்று கேட்காமல் போனதில்லை.

முடிவு அவ்வளவு சுலபத்தில் வருவதாக இல்லை. நான் மீன் பிடித்த ஓடையை அடுத்த வருடமே கால்வாய் வெட்டி வடித்துவிட்டார்கள். போய்ப் பார்த்தபோது காய்ந்த கரிமண்ணும், எண்ணெய்க்காக வரிசையாக நட்ட செம்பனைக் கன்றும்தான் இருந்தன. வேறு ஓடைகளில் தேடினேன், கிடைக்கவில்லை. ஸ்பிரிட்டில் ஊறப்போட்ட மீன் என்றால் அலமாரியில் கிடக்கும். எனக்குத் தேவைப்பட்டதோ துண்டுபடாத நீளமான மரபணு இழை. அதற்குப் பிடித்த கையோடு உறையவைத்த சதை வேண்டும். ஒருமுறை உருகிவிட்டால் அது தன்னைத்தானே அரித்துக்கொள்ளும். நாற்பத்தொரு டியூப். அந்த ஓடையின் மீன் உலகத்தில் அவ்வளவுதான் மிச்சம். அத்தனையும் அந்த ஒரே பெட்டியில் இருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு நிற டேப். சேர்ந்த அன்றே ஒதுக்கிவிடுவார்கள். டியூப், டப்பா, எழுதும் பேனா எல்லாவற்றிலும் அதைத்தான் ஒட்ட வேண்டும். பெயர் எழுத மறந்தாலும் நிறத்தைப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். எனக்குப் பச்சை. ஏழு பேரில் பச்சை எனக்கு மட்டும்தான்.

பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பு பிரீசர் டப்பாக்களை அடுக்கிப் பட்டியல் எழுதும் வேலை எனக்கு வந்தது. கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலே அலாரம் எழும். பிரீசரிலிருந்து போகும் ஒரு வயர், வராந்தாச் சுவரில் பாட்டரியில் ஓடும் ஒரு சின்னப் பெட்டிக்குச் செய்தி சொல்லும். அது நேராக எங்கள் பேராசிரியருக்குப் போன் அடிக்கும். அன்று காலையில் மட்டும் மூன்று முறை அடித்தது. அவர் சீனப் பெண்மணி, நல்லவர். ஆனால் கோபம் வந்தால் ஆய்வகச் சாவி அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவார். முந்தைய வருடம் ஒருவனுக்கு அது நடந்திருந்தது. "இன்னொரு தடவை என் போன் அடிக்கக் கூடாது" என்றார் ஆங்கிலத்தில். நான் அந்த வயரைப் பிடுங்கினேன். முனை எதிலும் படாமலிருக்க டேப்பை எடுத்து நறுவிசாகச் சுற்றினேன். வேலை முடிந்ததும் மாட்டிவிடலாம் என்றிருந்தேன். வேலை முடிந்தது. மறந்துவிட்டேன்.

பெருநாள் காலையில் போன் வந்தது. நான் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தேன். தோசை சாப்பிடலாம் என்று சாலையைக் கடக்க நின்றுகொண்டிருந்தேன்.

"கொஞ்சம் சத்தம் காட்டுமா."

"உங்களுக்கு இன்னிக்குப் பெருநாள் அங்கிள்!"

"அதான் தொழுதுட்டு வந்துட்டேன்ல. எங்க இருக்க?"

"லேப்லதான்." எப்படி அவ்வளவு சுளுவாகப் பொய் வந்தது என்று தெரியவில்லை. "இருங்க, கிட்ட வைக்கிறேன்." கடைவரிசையின் பக்கவாட்டில் ஓர் ஏர்கானின் வெளிப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய்ப் போனைப் பிடித்தேன். அரை நிமிடம் எண்ணிவிட்டு எடுத்தேன்.

"இது ஏர்கான்மா" என்றார். "அதுவும் கேஸ் கம்மி. நீ பிரிக்பீல்ட்ஸ்ல நிக்கிற. கண்ணு தெரியாதவங்க ரோடு கடக்குறதுக்குப் போடுற டிக் டிக் கேக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "போயிப் பாரு புள்ள."

திட்டியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். தோசைக்கடையைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன், மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். கட்டடத்தில் ஓர் ஆள் இல்லை. வராந்தாவில் அனல். அறைக் கதவைத் திறந்ததும் எனக்கே தெரிந்துவிட்டது, காதை வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. சத்தம் இல்லை. சிவப்பு எழுத்தில் மைனஸ் நாற்பத்தேழு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தாறு. அவருக்குப் போன் அடித்தேன்.

"கதவத் தொறக்காத!" என்று கத்தினார் போனில். அவர் கத்தி நான் கேட்டது அது ஒரு தடவைதான். "என்னா ஆனாலும் தொறக்காத. இருக்குற காத்தாடியெல்லாம் கொண்டாந்து கீழ மோட்டாருக்கு வையி. வரேன்."

மூன்று மின்விசிறிகளை இழுத்து வந்து வைத்துவிட்டு நம்பரைப் பார்த்தபடி நின்றேன். நாற்பத்து நான்கு. நாற்பத்திரண்டு. உள்ளே நாற்பத்தொரு டியூப். அந்த ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில் அட்டை கடிக்க நின்ற நாள்கள் நினைவுக்கு வந்தன. அழுகை வரவில்லை.

நம்பர் மைனஸ் முப்பத்தெட்டைத் தொட்டபோது வந்து சேர்ந்தார். வெளிர் நீலத்தில், மலாய்க்காரர்கள் பெருநாளுக்குப் போடும் பாஜு மெலாயு உடுப்பு, இடுப்பில் ஜரிகைச் சம்பின் துண்டு, தலையில் சொங்கோ தொப்பி. இரண்டு கைகளிலும் வெள்ளைப் பெட்டி. கிள்ளானிலிருந்து நேரே வராமல் பக்கத்து ஊரான மேருவுக்குப் போயிருக்கிறார். அங்கே ஐஸ்கிரீம் சரக்குக் கிடங்கு வைத்திருக்கும் ஒரு சீனரை எழுப்பி, டிரை ஐஸ் வாங்கிவந்திருக்கிறார். கதவைத் திறந்து, இருவருமாக அள்ளி அள்ளி அடுக்கி, மூடினோம். பிறகு அந்தப் புது உடுப்போடு தரையில் மல்லாந்து படுத்தார். அடிவலையில் அடைத்திருந்த தூசியை உருவினார், கருகிப்போன ஏதோ ஒரு சின்ன உருளையைக் கழற்றினார், வேனிலிருந்து வேறொன்றை எடுத்துவந்து மாட்டினார். நடுநடுவே அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் போல. "சாப்பிடச் சொல்லு, சாப்பிடச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிடுவார்.

மோட்டார் ஒரு முறை இருமியது. மறுபடி இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. காதை வைத்துக் கேட்டார். நீல உடுப்பு முழுக்கக் கறுப்பு. "மீனு தப்பிச்சிருச்சு" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அவர் பெட்டியின் பின்னால் குனிந்து, வராந்தாவுக்குப் போகும் வயரைத் தடவிக்கொண்டு போனார். எனக்கு ஒரே நொடியில் எல்லாம் ஞாபகம் வந்தது. முனையைக் கையில் எடுத்தார். பச்சை டேப்பை உரித்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் பச்சை டேப் ஒட்டிய டப்பாக்கள்மீது ஐஸை அடுக்கியவர். என்னைத் திரும்பிப் பார்த்தார். வயரை அதன் இடத்தில் மாட்டினார். டேப்பைத் தன் கருவிப்பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டினார். பிறகு ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்தார். அலாரம் ஏன் அடிக்கவில்லை என்ற இடத்தில், 'பாட்டரி வீக்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். வெள்ளைத் தாள் அலுவலகத்துக்கு, மஞ்சள் எங்கள் பைலுக்கு, இளஞ்சிவப்பு அவருக்கு.

நம்பர் பொய் சொன்னதற்காக வாழ்க்கை முழுக்க அதை நம்ப மறுத்த மனிதர், என் கண் முன்னால், எனக்காக ஒரு பொய்யை எழுதினார். நான் மஞ்சள் தாளை வாங்கிப் பைலில் வைத்தேன்.

பொய் சும்மா இருக்குமா? விடுமுறை முடிந்ததும் பேராசிரியர் தாளைப் படித்தார். பாட்டரி மாற்றுவது ஆய்வக உதவியாளரான மலாய்க்காரப் பெண்ணின் வேலை. அவளைக் காக்காக், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. போன மாதம்தான் மாற்றினேன் என்று அவள் மலாயில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இதை எழுதவே கை கூசுகிறது.

அடுத்த முறை அவர் பிரீசர் சர்வீஸுக்கு வந்தபோது காக்காக் அவரிடமும் இதைச் சொல்லி அழுதாள். தே ஓ பையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. பையை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டுப் பேராசிரியர் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பாட்டரி ஓகே டாக்டர். மை மிஸ்டேக். லாஸ்ட் சர்வீஸ், வயர் ஐ பர்கெட் டு புட் பேக். ஷேம்லா, சோ ஐ ரைட் பாட்டரி."

நான் எழுந்து நின்றேன். நான்கு எட்டு வைத்தால் அந்தக் கதவு. ஆய்வேடு கொடுக்க மூன்று மாதம் இருந்தது. சாவி அட்டை கழுத்தில் தொங்கியது. நின்றுகொண்டே இருந்தேன். அவர் வெளியே வந்தார். "மீனு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, ஆறிப்போன தே ஓவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காக்காக்கின் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதம் பிரீசர் ஒப்பந்தம் வேறொரு நிறுவனத்துக்குப் போனது. சுத்தமான சட்டை போட்ட இரண்டு பேர் வந்தார்கள், நம்பரைப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள்.

அவருடைய போன் மட்டும் நிற்கவில்லை. பெட்டி அவருடையது இல்லை, பார்க்கச் சொல்ல ஆளும் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்கும், "கொஞ்சம் சத்தம் காட்டுமா." எட்டு வருடம். பட்டம் வாங்கி அதே ஆய்வகத்திலேயே வேலைக்குச் சேர்ந்த நான், அதற்குப் பிறகு ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. எங்கே இருந்தாலும் முதல் நாளே ஆய்வகத்துக்குப் போய்க் காத்திருப்பேன். மரபணுவைப் படித்து முடித்த வருடம், "தனி ஆளுதான் அங்கிள்! தனி இனம்!" என்று போனில் கத்தினேன். "நான்தான் அப்பவே சொன்னேன்லா" என்றார். ரொம்ப நேரம் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் சொல்லிவிடலாம் என்று நினைத்து, "அங்கிள், அந்த வயரு..." என்று ஆரம்பித்தேன். "சத்தம் சரியா கேக்கல, கிட்ட வெயி" என்றார். கிட்ட வைத்தேன். ஒவ்வொரு வருடமும் அடுத்த விடுமுறைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

இந்தப் பெருநாளுக்குப் போன் வரவில்லை. காலையிலிருந்து பிரீசர் அறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மத்தியானம் நானே அடித்தேன். மகன் எடுத்தார். "அத்தா மௌத்தாயி ரெண்டு வாரம் ஆச்சு அக்கா" என்றார். சாவதற்கு முன் கடைசி இரண்டு மாதம் படுத்த படுக்கையாம். அவர் படுத்திருந்தார் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போய் இறங்கும்வரை நான் உட்காரவில்லை. இடம் இருந்தது. கதவோரமாகவே நின்று வந்தேன். வரிசை வீடு, வாசலில் அவருடைய வேன். மகனும் இப்போது அதே தொழில்தான். தாயார் சமையலறையில் இருந்தார். பாத்திரச் சத்தம் கேட்டது. மகன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

"நீங்கதானே மீனு அக்கா? அத்தா சொல்லியிருக்காரு." கூடத்து மூலையில் இருந்த கருவிப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். மூடியின் உட்புறம் அந்த டேப். பச்சை போய் வெளுத்து, ஓரம் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. "'இது என்னா அத்தா?'ன்னு கேட்டா, 'ஒரு புள்ளையோட மீனு, தப்பிச்சிருச்சு'ம்பாரு. பிச்சுப் போட விட மாட்டாரு."

சுருண்ட ஓரத்தை விரலால் அழுத்திவிட்டேன். அவர் தானாகவே பேசிக்கொண்டு போனார்.

"உங்க லேபுலதானே அக்கா அத்தா வயரு மாட்ட மறந்தது? நான் வேலையில எதாச்சும் சொதப்பிட்டு வந்து மூஞ்சத் தூக்கி வெச்சிருந்தா, 'நானே ஒரு தடவ மறந்தவன்தான்டா, போயி சாப்பிடு'ம்பாரு. மொத்த வாழ்க்கையில ஒரே ஒரு தடவ. அம்மா மட்டும் இன்னிக்கு வரைக்கும் நம்பல. 'உங்க அத்தா மறந்தாரா? போடா'ன்னு சண்டைக்கு வருவாங்க."

"அவர் மறக்கல" என்றேன்.

"என்னாக்கா?"

"அந்த வயரப் பிடுங்கினது நான். மாட்ட மறந்ததும் நான்தான். இந்த டேப் என்னோடது. அவருக்கு அன்னிக்கே தெரியும். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாரு. நான் வாயத் தொறக்கல. எட்டு வருஷமா தொறக்கல."

மகன் டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"அம்மா! நீங்க சொன்னதுதான் சரி. அத்தா மறக்கலயாம்!"

பாத்திரச் சத்தம் நின்றது.

"யாருடா சொன்னது?"

"நான்தாம்மா" என்று எழுந்து நின்றேன்.